வோட்டை வாங்கியவருக்கு ரசீது கிடையாது

1880-கள் வரை அமெரிக்காவில் வாக்குச்சீட்டை அச்சடித்தது கட்சிகள்தான். ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயரை மட்டும் போட்டு, தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற நிறத்திலோ அளவிலோ சீட்டு அடிக்கும். சாவடி வாசலில் கட்சிக்காரர் அதை வாக்காளர் கையில் திணிப்பார். பெட்டிக்குள் விழும்வரை கண்ணை எடுக்கமாட்டார். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்பதை அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.

1888 அதிபர் தேர்தலின்போது, குடியரசுக் கட்சி தேசியக் குழுவின் பொருளாளர் டபிள்யூ. டபிள்யூ. டட்லி பெயரில் ஒரு கடிதம் இந்தியானாவில் வெளியானது. விலைக்கு வரும் வாக்காளர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள், ஒவ்வோர் ஐவருக்கும் பணத்தோடு ஒரு நம்பகமான ஆளைப் போடுங்கள், யாரும் நழுவாமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றது அது. வோட்டு கண்ணெதிரே விழுந்ததால்தான் ஐவருக்கு ஓர் ஆள் போதுமானதாக இருந்தது.

லஞ்சத்துக்கு எதிரான சட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே குற்றவாளி என்றால் யார் வந்து புகார் கொடுப்பார்? சீர்திருத்தக்காரர்கள் அந்த வழியை விட்டுவிட்டு, ரசீதை, அதாவது யாருக்குப் போட்டார் என்பதற்கான சாட்சியை, ஒழிக்கப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1856-லேயே வந்திருந்த முறையை லூயிவில் நகரமும் மாசசூசெட்ஸ் மாநிலமும் 1888-ல் சட்டமாக்கின. அரசுச் செலவில் ஒரே மாதிரிச் சீட்டு, அதில் எல்லா வேட்பாளர்களின் பெயரும். சாவடிக்குள் அலுவலர் கையால் மட்டுமே கிடைக்கும். மறைவுக்குள் போய்த்தான் குறியிட வேண்டும்.

இதையும் உடைக்க ஒரு தந்திரம் உண்டு. காலையில் முதல் ஆள் பெட்டியில் வேறு காகிதத்தைப் போட்டுவிட்டு, வெற்றுச் சீட்டை வெளியே கடத்தி வருவார். தரகர் அதில் குறியிட்டு இரண்டாமவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே தனக்குத் தந்த வெற்றுச் சீட்டைத் தரகரிடம் கொண்டுவந்து காட்டினால் காசு. அந்த வெற்றுச் சீட்டேதான் ரசீது! ஒரே ஒரு சீட்டு வெளியே வந்தால் போதும், சங்கிலி மாலைவரை ஓடும்.

இதற்கான மருந்து, எண்ணிட்ட அடிக்கட்டை: சீட்டோடு ஒட்டியிருக்கும், கிழித்தெடுக்கக்கூடிய துண்டு. கொடுக்கும்போது அலுவலர் எண்ணைக் குறித்துக்கொள்வார். மடித்த சீட்டு திரும்பி வரும்போது அதே எண்தானா என்று பார்த்து, அடிக்கட்டையைக் கிழித்துவிட்டுப் பெட்டியில் போடுவார். கிழிக்க மறந்தால் யார் யாருக்குப் போட்டார் என்பது எண்ணில் மாட்டிக்கொள்ளும். சீட்டின் ஓரத்தில் ஒரு கிறுக்கலைப் போட்டு, எண்ணும் இடத்தில் நிற்கும் கட்சி ஆளுக்கு ஜாடை காட்டுவதும் உண்டு. அடையாளக் குறி உள்ள சீட்டு செல்லாது என்ற விதி அதனால்தான் பிறந்தது.

அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருந்தது. யாருக்குப் போட்டார் என்பது தெரியாவிட்டாலும், சாவடிக்கு வந்தாரா என்பது தெருவுக்கே தெரியும். நியூயார்க் கிராமப்புறங்களில் எதிர்க்கட்சிக்காரரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிக் காசு கொடுத்தார்கள்.

இன்னொரு விளைவு தெற்கு மாநிலங்களில். பழைய நிறச் சீட்டை எழுத்தறியாதவரும் போடலாம். புதிய சீட்டில் பெயரைப் படித்தாக வேண்டும். இந்தியானா 1889-ல் கட்சிவாரியாகப் பத்தி பிரித்து, ஜனநாயகக் கட்சிக்குச் சேவலும் குடியரசுக் கட்சிக்குக் கழுகும் போட்டது. தெற்கிலோ பல மாநிலங்கள் அந்த வசதியைத் தெரிந்தே தவிர்த்தன. அடிமைத்தளையில் படிப்பு மறுக்கப்பட்ட கறுப்பின மக்களை வெளியே நிறுத்த, லஞ்சத்தை ஒழிக்க வந்த அதே சீட்டு உதவியது.