பக்கத்துலதான் போனான் டாக்டர்

மார்ச்சுவரி வராந்தாவில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பால் வாங்கப் போனான், தங்கச்சியை பஸ் ஏத்திவிடப் போனான், ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன்னு போனான். எல்லாம் பக்கத்துலதான்.

காவிரிப் படுகையில், அரசு மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்து வருபவன் நான். முதல் தகவல் அறிக்கையில், சம்பவ இடம் காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம் இருக்கும். இறந்தவரின் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49. நாடு முழுக்க அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். நான்குவழிச் சாலை, நள்ளிரவு, லாரி என்றுதான் நமக்கு உடனே தோன்றும். அதுவும் உண்டுதான். ஆனால் என் மேசைக்கு வருபவர்களில் நிறையப் பேர் சாயங்காலம், தெரிந்த ரோட்டில், தினமும் பார்க்கும் வேகத்தடையில் விழுந்தவர்கள். தூரப் பயணம் என்றால் ஹெல்மெட் தலையில் இருக்கும். கடைத்தெரு வரைக்கும்தானே என்றால் அது பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்திருக்கும். சிலர் போலீஸுக்காக மாட்டுவார்கள், கிளிப் போட மாட்டார்கள். விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். ஒழுங்காக மாட்டினால் அது மரண ஆபத்தை 40 சதவீதம் அளவுக்கும், தலைக்காயத்தை 70 சதவீதம் அளவுக்கும் குறைக்கிறது.

அப்புறம் பின்சீட்டு. கணவர் ஹெல்மெட் போட்டிருப்பார். மனைவி ஒருபக்கமாக, மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட, பின்மண்டை அடிபட மல்லாக்க விழுவார். ஓட்டியவருக்கு ஒரு சிராய்ப்புகூட இருக்காது. இந்த வகைக் கேஸ் வரும் நாட்களில் அந்தக் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது, விழுந்து எழுந்தவர்கள். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது. அதன் உள்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அது கிழிந்தால், ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அழுத்தும். அதற்கு அவகாசம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஆள் நன்றாகப் பேசுவார். தூசியைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுப் படுப்பார். தூங்கட்டும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தலையில் அடிபட்டவர் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ ஸ்கேன் வசதி இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். நேரத்துக்குத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் பிழைக்கக்கூடிய காயம் இது.

காசுக்கு யோசிக்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு வைத்த வரம்பு வரை இலவசம். தூக்கிக்கொண்டு வந்தவர்மேல் கேஸ் போட முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ சொல்கிறது.

வயதானவர்கள் சாலைக்கே வர வேண்டியதில்லை, பாத்ரூம் போதும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். லேசான அடியிலேயே சிறு நாளங்கள் அறுந்து கசியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் மோசம். சில வாரம் கழித்துத் தடுமாறினால், பெரியவருக்கு வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம். விழுந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆற்றின் கணக்கு வேறு. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். தண்ணீர் கடைமடைக்கு வர வர, மூழ்கிய கேஸ்களும் எங்களுக்கு வரத் தொடங்கும். ஆடிப்பெருக்கில் சொல்லவே வேண்டாம். இவர்களில் பலர் அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர்கள். கொள்ளிடத்தில் போன வருஷம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டம். தெரிந்த ஆறு என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறார்கள். மூழ்குபவர் சினிமாவில் மாதிரி கத்துவதில்லை. வாய் தண்ணீருக்குள் போய்வரும்போது கத்த மூச்சு ஏது? சத்தமில்லாமல் போய்விடுவார். அவரைப் பிடிக்கக் குதித்தவரையும் சேர்த்து, ஒரே வீட்டில் இரண்டு உடல்கள் வந்த நாட்கள் உண்டு. நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, மூடிய காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். கரையேற்றிய பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். அதில் வீணாவது மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மார்பை அழுத்துங்கள், இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும்.

கடைசியாகக் கட்டுவிரியன். இரவில் எலியைத் தேடி வீட்டுக்குள் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை வலி என்பார். சோடா கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும். தரையில் படுத்தவர் இப்படி எழுந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் கிடைத்தால் பிழைப்பார்கள்.

அப்படி ஒரு பெண்ணின் உடலில் கடிவாயைத் தேட எனக்கு லென்ஸ் தேவைப்பட்டது. ராத்திரி எங்கேயாவது போனாளா, வயல் பக்கம், தோட்டம் பக்கம் என்று வெளியே வந்து அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கேயும் போகலையே டாக்டர், எம்பக்கத்துலதான் படுத்திருந்தா."