‘கரன்ட்’ வைக்கக் காப்பீட்டு அட்டை: எந்த ஊரில், என்ன கிடைக்கும்?

புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கம் ‘கரன்ட் வைக்கிறது’ என்பார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. ஆற்றல் மிகுந்த கதிர்தான். வைக்கும்போது வலிக்காது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும், பல நேரம் ஐந்தாறு வாரம். பரமக்குடியில் இருந்து மதுரைக்குத் தினமும் பஸ் ஏறுகிறவருக்குச் சிகிச்சையைவிட வழிதான் உடம்பை முறிக்கும்.

இந்தச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, கூடவே ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 2018 முதல் இதோடு இணைந்தே நடக்கிறது. குடும்பம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை.

பணம் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் திட்டம் அல்ல இது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன், டாக்டரின் சிகிச்சைத் திட்டம் எல்லாவற்றையும் அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே பணம் கட்டிவிடாதீர்கள். அட்டை இருந்தும் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.

அட்டை எல்லாருக்கும் ஒன்றுதான். மெஷின்தான் ஊருக்கு ஊர் வேறு. பழைய கோபால்ட் மெஷினில் கதிர் தரும் பொருள் தானாகவே தேய்ந்துகொண்டே போகும். ஐந்தேகால் ஆண்டில் வீரியம் பாதியாகிவிடும். அதே அளவு கதிருக்கு நோயாளி மேசையில் இரு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். லினாக் எனப்படும் புதிய மெஷின் மின்சாரத்தைக் கொண்டு கதிரை உண்டாக்குகிறது, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அதை வெட்டிக் கொடுக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோயில் இந்த வித்தியாசம் சோற்றுத் தட்டில் தெரியும். எச்சில் சுரப்பி கருகிப்போனவர் ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைந்தாலும் ஒரு வாய் விழுங்கத் தண்ணீர் தேடுவார். லினாக்கில் கதிரின் வீரியத்தை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து வைக்கும் ஐஎம்ஆர்டி முறையில் அந்தச் சுரப்பியை ஓரளவு காப்பாற்ற முடியும். இந்த முறைக்கும் திட்டத்தில் இடம் உண்டு.

1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதில் இருந்து நெடுங்காலம் உயர்தரக் கதிர்வீச்சு என்றாலே சென்னை, வேலூர் என்றிருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் மதுரை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர், தூத்துக்குடி அரசு மருத்துவமனைகளுக்கு லினாக் வந்தது. மெஷின் விலை கோடிக்கணக்கில். ஒரு மீட்டருக்கும் அதிகத் தடிமனான கான்கிரீட் சுவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், கதிரின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், இத்தனையும் சேர்ந்தால்தான் அது ஓடும். எல்லா மாவட்டத்திலும் இல்லாததற்குக் காரணம் இதுதான். அதற்கு விலை கொடுப்பது கூலிக்குப் போகிற குடும்பம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, சேரும் முன்பே கேளுங்கள். இங்கே இருப்பது கோபால்ட்டா, லினாக்கா? என் நோய்க்கு எது வேண்டும்? தனியார் மருத்துவமனை என்றால், கதிர்வீச்சுக்கு அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இதய ஆபரேஷனுக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை கதிர்வீச்சுக்கு இல்லாமல் போகலாம். மார்பகப் புற்றுநோயில் பலருக்கு 25 நாளுக்குப் பதில் 15 நாளில் முடிக்கும் முறை உண்டு, பலனும் குறைவதில்லை. “டாக்டர், மூணு வாரத்துல முடிக்கிற மாதிரி எனக்கு ஆகுமா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து வைக்கும் கரன்ட்டோடு, பிராக்கிதெரபி என்று உள்ளே வைக்கும் சிகிச்சையும் வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்காது. வேறு ஊருக்கு எழுதிக் கொடுத்தால் நாளைத் தள்ளாதீர்கள். இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அறுவடை, திருவிழா என்று நடுவில் ஒரு வாரம் நிற்பது நோய்க்குத்தான் லாபம். தோலில் போட்ட மைக்கோட்டையும் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, அதைப் பார்த்துத்தான் தினமும் குறி வைக்கிறார்கள்.

போக்குவரத்துச் செலவு 5 லட்சத்தில் வராது. அதற்கு ரயில்வே சலுகை இருக்கிறது: புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே முக்கால் பங்கு. மருத்துவமனையில் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.