கப்பல் அறைச் சாப்பாடும் இன்சுலினும்: தட்டு வந்த பிறகே ஊசி

நவம்பர் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சொகுசுக் கப்பல் சீசன் தொடங்கிவிடும். ஏப்ரல் வரை ஓடும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துக் குடும்பங்கள் பெரியவர்களை அழைத்துக்கொண்டு மொசாம்பிக்கின் பொமேனே, போர்ச்சுகீஸ் தீவு, சில சமயம் மொரிஷியஸ் வரை போய்வருகிறார்கள். அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு என்று ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். கையில் கொஞ்சம் வசதி உள்ள பிள்ளைகள், "அம்மா இத்தனை வருஷம் அடுப்படியிலேயே நின்றாச்சு, இந்த ஒரு வாரமாவது யாராவது பரிமாறட்டும்" என்று பட்லர், அதாவது அறைக்கென்றே ஒரு பணியாளர், உள்ள சூட் எனும் பெரிய சொகுசு அறையாகப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். எல்லாக் கப்பலிலும் பட்லர் கிடையாது. சில கம்பெனிகள் மட்டும், அதிலும் பெரும்பாலும் பெரிய சூட்களுக்கும் தனிப் பிரிவுகளுக்கும் மட்டும் வைத்திருக்கின்றன.

நான் இங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு உணவும் ஊசியும் கற்றுத் தரும் நர்ஸ். பயணத்துக்கு முன்னால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது பஃபே பற்றித்தான்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. நான் திருப்பிக் கேட்கும் கேள்வி, இரவுச் சாப்பாடு எங்கே என்பது. "ரூமுக்கே வந்துடும்" என்று சொன்னால், அவர்களை இன்னும் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுவேன். இன்சுலின் போடுகிறவருக்குப் பஃபேயைவிட அறைச் சாப்பாட்டில்தான் ஆபத்து அதிகம். பஃபேயில் தட்டு உங்கள் கையில் இருக்கிறது. அறையில் அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

நம் ஆட்களில் பலர் போடுவது 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாகச் செய்வது 70 பங்கு). சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்லியிருப்போம். வீட்டில் இது பிரச்சினையே இல்லை. பருப்பு கொதிக்கிறது, ரொட்டி சுட்டாகிவிட்டது, ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். கப்பலில் அதே பழக்கத்தில், பட்லருக்கு போன் போட்டதும் ஊசியையும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பட்லர் சமைப்பவர் இல்லை. அவர் ஆர்டரைப் பெரிய சமையலறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் தட்டு போய்க்கொண்டிருக்கும். அப்புறம் லிஃப்ட், நீளமான வராந்தா. எல்லோரும் உடுத்திக்கொண்டு வரும் விருந்து இரவென்றால் இன்னும் தாமதமாகும்.

அதோடு இன்னொன்று சேரும். அறைக்கு வரும் இரவு விருந்தை ஒவ்வொரு சுற்றாகப் பரிமாறுவதுதான் பட்லரின் பெருமை. முதலில் ஏதாவது ஒரு சின்னத் தட்டு, பிறகு சூப், சாலட், அதன் பிறகு மீனோ கறியோ, கடைசியில் இனிப்பு. முதல் அரை மணி நேரத்தில் வருவதில் மாவுச்சத்து மிகக் குறைவு. சோறோ உருளைக்கிழங்கோ மேசைக்கு வருவதற்குள் ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் இன்சுலின் சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும். இரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே (சுமார் 72 mg/dL) இறங்கினால் அது லோ. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குமட்டல், முகம் வெளுப்பது, பேச்சு குழறுவது என்று வரிசையாக வரும்.

இப்போது கடலை நினைத்துப் பாருங்கள். வியர்வை, குமட்டல், வெளுத்த முகம் மூன்றும் கப்பல் மயக்கத்துக்கும் உண்டு. சாட்ஸ்வர்த்திலிருந்து போன ஒரு அம்மாவுக்கு இதுதான் நடந்தது. ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார், சாப்பாடு வரவில்லை, வியர்த்தது. மகள்கள் கப்பல் ஆடுவதால்தான் என்று நினைத்து வாந்தி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அந்த மாத்திரை தூக்கத்தையும் வரவைக்கும், அதனால் அம்மா பேசாமல் கிடந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. தட்டோடு உள்ளே வந்த பட்லர்தான், "இவர்கள் ஏதாவது மருந்து எடுக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியால் மீட்டர் வெளியே வந்தது. 2.6. அம்மாவுக்கு அப்போது விழுங்க முடிந்தது. ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து மீட்டார்கள், பிறகு கப்பல் டாக்டரும் வந்து பார்த்தார்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாவிடம், முதல் நாளே பட்லரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்தப் பையனுக்கு எதுக்கும்மா தொந்தரவு? நம்ம வியாதிய ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றார். நம் பெரியவர்கள் பலர் இப்படித்தான். வேலை செய்ய வந்தவரிடம் ஒன்று கேட்கக் கூசுவார்கள், வியாதியை வெளியே சொல்ல அதைவிடக் கூசுவார்கள். இந்த இரண்டு கூச்சமும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கிறது. பட்லருக்கு இதெல்லாம் தினசரி வேலை. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து கடலில் உழைக்கும் பிள்ளைகள் அவர்கள். காரணம் தெரிந்துவிட்டால் உங்கள் பெண்களைவிடக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் பட்லர் அறைக்கு வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்: எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன், சாப்பாடு தாமதமானால் மயக்கம் வரும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே நேரத்தைச் சொல்லுங்கள், ஏழு என்றால் தினமும் ஏழு. மறுநாள் மெனுவை முந்தின மாலையே வாங்கிப் பார்த்து ஆர்டர் கொடுக்கலாம். சுற்றுச் சுற்றாக வேண்டாம், எல்லாவற்றையும் மூடி போட்டு ஒன்றாகக் கொண்டுவந்துவிடுங்கள் என்றும் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சூப்பும் பிரெட்டும் அறைக்குள் வந்து சேர்ந்த பிறகு ஊசியைக் கையில் எடுங்கள். அரை மணி நேர இடைவெளி குறைந்தால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறும். அந்த ஒரு வாரத்துக்கு அது பரவாயில்லை, லோ அளவுக்கு ஆபத்தில்லை. இந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கலாம் என்று கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிக்ளசைட், கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இப்படியே தட்டைப் பார்த்த பிறகு எடுப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவர்கள் இன்னும் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டும். சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். கப்பலில் ஏறியதும் சூப் கோழி எலும்புச் சாற்றில் செய்ததா என்று பட்லரைக் கேட்கச் சொல்லுங்கள். இது சமயத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஊசி போட்டுவிட்ட பிறகு, "இதில் கறி இருக்கு, வேண்டாம்" என்று தட்டைத் திருப்பி அனுப்பினால் அடுத்த தட்டு வரும்வரை வெறும் வயிறு.

மாலையில் கேட்காமலேயே குட்டி கேக், சாக்லேட் எல்லாம் வரும். வேண்டாம் என்றால் நட்ஸ், சீஸ் கொண்டுவருவார்கள். ஆனால் குளிர்பெட்டியிலுள்ள ஜூஸை எடுத்துப்போகச் சொல்லாதீர்கள். லோ வந்தால் 150 மில்லி ஜூஸ் போதும், சுமார் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் மறுபடி ஜூஸ், ஏறிவிட்டால் ஒரு ரொட்டித் துண்டாவது சாப்பிடுங்கள். சாக்லேட் இதற்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் தனி. உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கடலில் செல்லுமா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

அறைக் குளிர்பெட்டி பானம் குளிர வைக்கத்தான். சிலவற்றில் போதிய குளிர் இருக்காது, சிலவற்றில் பின்சுவரை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதான். திறக்காத பேனாக்களைச் சரியான குளிரில் வைத்துத் தர மருத்துவ மையத்தில் முடியுமா என்று பட்லரைக் கேட்கச் சொல்லுங்கள். பயன்பாட்டில் உள்ள பேனா வெயில் படாத மேசை இழுப்பறையில் இருந்தால் போதும். ஊசி முனை போட ஒரு பெட்டியும் கேட்டு வாங்குங்கள். குப்பைக்கூடையில் போட்டால் அதை அள்ளுகிறவர் கையில் குத்தும்.

பட்லர் உங்கள் பெட்டியைப் பிரித்து அடுக்கித் தருவார், கிளம்பும்போது கட்டியும் தருவார். துணிமணியை அவர் தொடட்டும், மருந்துப் பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் முனையத்தில் ஏறும்போது ஒப்படைத்த பெட்டி அறைக்கு வரப் பல மணி நேரம் ஆகலாம். கடைசி இரவு இன்னும் மோசம். கட்டிய பெட்டிகளைப் படுக்கப் போவதற்கு முன்பே வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் கரையில்தான் அவற்றைப் பார்ப்பீர்கள். இன்சுலினும் மீட்டரும் அதற்குள் போய்விட்டால் காலை ஊசிக்கு வழியில்லை.