ராட்பென்சியோனாரிஸ்: ஓய்வூதியர் அல்லர்

டச்சு வரலாற்றைத் தமிழில் எழுதும்போது வழுக்கிவிடும் சொல் இது. ஆங்கிலத்தில் 'கிராண்ட் பென்ஷனரி' என்பார்கள். அதைப் பார்த்து 'பெரும் ஓய்வூதியர்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இந்தப் பதவியில் இருந்தவர் ஓய்வு பெற்றவரல்லர், நாட்டிலேயே ஓய்வில்லாதவர்.

'ராட்' என்ற டச்சுச் சொல்லுக்கு அவை, ஆலோசனை என்று இரண்டு பொருளும் உண்டு. 'பென்சியோனாரிஸ்' என்பதன் வேர் லத்தீன். 'பெண்டெரே' என்றால் எடைபோடுதல், நிறுத்தல். உலோகத்தை நிறுத்துக் கூலி கொடுத்த காலத்தில் 'பென்சியோ' என்பது கொடுக்கப்படும் தொகையைக் குறித்தது. நமக்கும் இது புதிதில்லை: அளக்கும் 'படி'யே பயணப்படி, அகவிலைப்படி என்று பணமாகிவிட்டதே! ஆக, பென்சியோனாரிஸ் என்றால் சம்பளம் பெறுபவர். ஹாலந்தின் நகரங்கள் சட்டம் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அப்படி அழைத்தன. ஹாலந்து மாகாண அவை அமர்த்தியவர் ராட்பென்சியோனாரிஸ்.

பெயரளவில் அவர் அவையின் ஊழியர். ஆனால் அன்றைய டச்சுக் குடியரசான ஐக்கிய மாகாணங்கள் ஏழில் பணமும் பலமும் ஹாலந்திடம் இருந்ததால், அவர் சொல் நாடு முழுக்க எடுபட்டது. 1653-இல் யோகான் டெ விட் இப்பதவிக்கு வந்தபோது வயது 27. ஏறத்தாழ இருபது ஆண்டு குடியரசையே நடத்தினார். 1672 ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில் வெறிகொண்ட கூட்டம் அவரையும் அண்ணன் கோர்னேலிஸையும் கொன்றது.

1795 புரட்சி இந்தப் பதவியை ஒழித்தது. பத்தே ஆண்டில் அதே பெயர் திரும்பி வந்ததுதான் இச்சொல்லின் வாழ்வில் முக்கியமான கட்டம். அதைச் சூடியவர் ருட்கர் யான் ஸ்கிமெல்பென்னின்க். 1761-இல் டெவென்டர் நகரில் பிறந்து, லைடனில் சட்டம் பயின்றவர். 1784-இல் அவர் அளித்த ஆய்வேடு, முறையாக வரம்பிட்ட மக்களாட்சியைப் பற்றியது. புரட்சிக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சியின் தலைவர், தேசியப் பேரவை உறுப்பினர், பிறகு பாரிஸில் பட்டாவியக் குடியரசின் (புரட்சியில் பிறந்த புதிய டச்சு அரசின்) தூதர். 1802 மார்ச் 27 அன்று, பிரிட்டனோடு நடந்த போரை முடித்த அமியன் உடன்படிக்கையில் அக்குடியரசுக்காகக் கையெழுத்திட்டவரும் அவரே. இலங்கையின் டச்சுப் பகுதிகள் முறைப்படி பிரிட்டனுக்குப் போனது அந்தக் கையெழுத்தால்தான். யாழ்ப்பாணமும் அதில் அடக்கம். அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' என்ற டச்சு வழிச் சொல் மட்டும் அங்கே தங்கிவிட்டது.

பட்டாவியக் குடியரசு பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் பிடியில் இருந்தது; 1805-இல் அவர் அதற்கு ஒற்றைத் தலைமையைக் கேட்டார். புதிய அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றரை லட்சம் பேருக்கு வாக்குரிமை. ஆதரித்து வாக்களித்தவர்கள் 14,000 பேர்தான். வராதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். சட்டமன்றத்தில் 19 பேர். அதிகாரமோ ஒருவர் கையில். மன்னர் என்ற சொல்லைக் குடியரசினர் பொறுக்கமாட்டார்கள். ராட்பென்சியோனாரிஸ் என்றால் டெ விட்டின் நினைவு வரும். பழைய பெயரைத் தேர்ந்ததன் நுட்பம் இதுவே என்பது என் எண்ணம்.

அந்த ஓராண்டில் ஸ்கிமெல்பென்னின்க்கின் பார்வை மங்கிக்கொண்டே போக, நாடு முழுமைக்கும் ஒரே வரிமுறையையும் 1806-இன் பள்ளிச் சட்டத்தையும் அவருடைய ஆட்சி கொண்டுவந்தது. நெப்போலியன் தம்பி லூயியை அந்நாட்டு மன்னராக்க முடிவெடுத்ததும், அதற்கான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர மறுத்து, ஸ்கிமெல்பென்னின்க் 1806 ஜூன் 4 அன்று விலகினார். பதவியும் அவரோடு முடிந்தது. அவர் இறந்தது 1825-இல்.

தமிழில் என்ன எழுதலாம்? 'அமைச்சர்' பொருந்தாது, மன்னருக்கு அருகிருப்பவர் என்ற சாயல் அதில் உண்டு. குறள் ஆலோசகரைச் 'சூழ்வார்' என்கிறது. அழகான சொல்தான், ஆனால் 'சூழ்ச்சி' இன்று சதியாகிவிட்டதால் துணிய முடியவில்லை. 'தலைமை அவையாலோசகர்' என்பதே என் பரிந்துரை. ஸ்கிமெல்பென்னின்க்குக்கும் அதையே எழுதுங்கள். அவர் கையில் இருந்த அதிகாரத்தைப் பார்த்து 'குடியரசுத் தலைவர்' என்று மாற்றினால், 1805-இல் அந்தப் பழைய பெயர் செய்த வேலை வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.