தொரட்டியும் ஆடும்: பார்லி எப்படி ஏல் ஆகிறது?

மகளைப் பார்க்க இங்கிலாந்து போய் வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டெவன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே 'சர்ச் ஹவுஸ் இன்' என்று ஒரு பழைய மதுக்கடையைப் பார்த்தாராம். "கோயிலுக்குப் பக்கத்தில் எப்படி அனுமதித்தார்கள்? இன்னொரு சந்தேகம். பனஞ்சாறு இனிக்கிறது, அது கள்ளாகப் புளிப்பது புரிகிறது. கல் மாதிரி காய்ந்து கிடக்கிற பார்லியில் மது எங்கிருந்து வருகிறது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். அந்த மாதிரிக் கட்டடங்களைக் கட்டியதே அந்தத் தேவாலயத்துப் பங்கு மக்கள்தான், அதுவும் ஏல், அதாவது பார்லியில் செய்யும் மது, காய்ச்சி விருந்து வைப்பதற்காக. பக்கத்து மாவட்டமான சாமர்செட்டில் குரோகோம் கிராமத்தில் 1515இல் கட்டிய சர்ச் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் ஏலும் ரொட்டியும் தயாராகும், மாடியில் விருந்து நடக்கும். பெந்தெகொஸ்தே போன்ற நாட்களில் ஊரே கூடிக் குடிக்கும். வருகிற காசில் கூரை வேய்வார்கள், மணி வாங்குவார்கள், மெழுகுவர்த்திக்குக் கொடுப்பார்கள். இந்த விழாவுக்குப் பெயரே 'சர்ச் ஏல்'. எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலத்தின் விளிம்பில் மோர்பாத் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அங்கே 1520 முதல் 1574 வரை பங்குக் குருவாக இருந்த கிறிஸ்டோபர் டிரைக்கே எழுதி வைத்த கணக்குகளில், இந்த ஏல் வருமானம் மீண்டும் மீண்டும் வருகிறது. திருமணத்தோடு தொடர்புடைய 'பிரைடல்' என்ற ஆங்கிலச் சொல்கூட 'பிரைட் ஏல்', அதாவது மணப்பெண்ணுக்கான ஏல் விருந்து என்பதிலிருந்து வந்ததுதான். பின்னால் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்தார்கள். 1633இல் சாமர்செட்டில் இது பெரிய அரசியல் சண்டையாகவே ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக வழக்கம் மறைந்தது, கட்டடங்கள் சில மதுக்கடைகளாகின.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்குப் பிடித்த கேள்வி இது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதுவும் குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலிதான் என்றாலும், அவ்வளவு நீளமான சங்கிலியை ஈஸ்டால் உள்ளே இழுக்க முடியாது. யாராவது வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டும் கருவியை விதையே வைத்திருக்கிறது. பாதியை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது, மீதியை முளைக்கும்போதுதான் செய்கிறது.

பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, சில நாட்கள் கிளறிவிட்டால் முளை கட்டும். மண்ணுக்குள் விழுந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறது விதை. உள்ளே இருக்கும் குட்டிக் கரு ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவுச்சத்தைச் சுற்றி அலுரோன் என்று மூன்று செல் கனத்தில் ஒரு உயிருள்ள அடுக்கு உண்டு. சேதி போய்ச் சேர்ந்ததும் அந்த அடுக்கு, சங்கிலியை வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியை (என்சைமை) தயாரித்து உள்ளே கொட்டுகிறது. செடி வளர இதெல்லாம் தேவை. ஆனால் கரு அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்ப்பதற்குள் மனிதன் குறுக்கே புகுந்து தானியத்தை மெல்லச் சூடாக்கி உலர்த்திவிடுகிறான். கரு செத்துவிடும், நொதி பிழைத்துக்கொள்ளும். இதுதான் மால்ட். ராகியை முளைகட்டி அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி இளகி நீர்த்துப்போவதும் இதே நொதியால்தான்.

இனிமேல்தான் அழகு. பெரும்பாலான மாவுச்சத்து நேர்க்கோட்டில் இருக்காது, மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். மால்ட்டில் இரண்டு முக்கிய நொதிகள் உண்டு. விதை முளைப்பதற்கு முன்பே சேமித்து வைத்திருக்கும் பீட்டா அமைலேஸ் ஓர் ஆடு. கிளை நுனியிலிருந்து மட்டும்தான் மேயும். ஒவ்வொரு கடிக்கும் இரண்டு குளுக்கோஸ், அதாவது ஒரு மால்டோஸ். கவை வந்ததும் அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிடும். ஆல்ஃபா அமைலேஸோ தொரட்டிக்காரர். நடுவில் எங்கே வேண்டுமானாலும் கொக்கியைப் போட்டு இழுத்துக் கிளையை முறிப்பார். முறிந்த ஒவ்வொரு கிளையும் ஆட்டுக்கு ஒரு புது நுனி. தொரட்டி இல்லாவிட்டால் ஆடு பட்டினி. ஆடு இல்லாவிட்டால் முறித்த கிளைகள் கிடந்து காயும். இரண்டும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கஞ்சி தேன் போல் இனிக்கும். கவைப் பக்கத்துத் துண்டுகள் கொஞ்சம் மிஞ்சும், அவைதான் டெக்ஸ்ட்ரின்கள். ஈஸ்டால் அவற்றைத் தின்ன முடியாது. ஏலின் கனம் ஓரளவு அவற்றிலிருந்து வருகிறது.

ஒரே ஒரு சிக்கல், சூடு. சுமார் 60 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் பார்லி மாவுச்சத்து ஊதி இளகி நொதிகளுக்கு இடம் கொடுக்கும். ஆனால் 65ஐத் தாண்டினால் ஆடு வேகமாகச் சாகத் தொடங்கும். தொரட்டிக்காரர் 70 வரைக்கும் தாக்குப்பிடிப்பார். ஆக மூன்றுக்கும் ஒத்துவருவது ஏழெட்டு டிகிரி அகலத்தில் ஒரு சின்ன சன்னல்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏல் காய்ச்சுகிறவர்கள் கையில் வெப்பமானி கிடையாது. பின்னே எப்படி? கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி அடங்கி நீரில் தன் முகம் தெரிகிற நேரத்தில் மால்ட் மேல் ஊற்ற வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. குளிர்ந்த மால்ட் அந்தச் சூட்டில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ள, கலவை அந்தச் சன்னலுக்குள் வந்து நிற்கும். இடைக்கால இங்கிலாந்துக் கிராமங்களில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று வரலாறு கடந்துபோன அந்தப் பெண்களை, நொதி வேதியியலின் முன்னோடிகள் என்று நான் மனதாரச் சொல்வேன்.

கசப்பு தரும் ஹாப்ஸ் பூ சேராத அந்த ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும். அதனால் ஒரு வீட்டில் இன்று, இன்னொரு வீட்டில் அடுத்த வாரம் என்று காய்ச்சி, தயாரானதும் வாசலில் கழி நட்டு அறிவிப்பார்கள். தரமும் விலையும் பார்க்கப் பரிசோதகர் வருவார். ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை கட்டும் சட்டம் 1266 வாக்கிலேயே வந்துவிட்டது. நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1556இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏல் பரிசோதகராக நியமிக்கப்பட்டவர். பெஞ்சில் ஏலைக் கொட்டி, தோல் கால்சட்டையோடு அதன்மேல் உட்கார்ந்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள் என்றொரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். ஒட்டுவது மிஞ்சிய சர்க்கரை, அதை வைத்து ஆல்கஹால் எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் நாக்கை நம்பியவர்கள்.

அப்புறம் ஈஸ்ட். ஏல் ஈஸ்ட் வாயுக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே மிதந்து வரும். அதை வழித்து அடுத்த கொப்பரைக்கு, அடுத்த வீட்டுக்கு, ரொட்டிக்குக் கொடுப்பார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரிதான். அது உயிர் என்று யாருக்கும் தெரியாது. 1468ஆம் ஆண்டு நார்விச் நகரப் பதிவில் இந்த நுரைக்குப் பெயர் 'காடிஸ்குட்'. கடவுள் தந்த நன்மை. 1680இல் டச்சுக்காரர் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் அதன் மணிகளைப் பார்த்தார். அது உயிர் என்று 1837 வாக்கில்தான் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

தெரியாமல் இருந்ததற்கு ஒரு விலை இருந்தது. லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா புகுந்தால் ஏல் புளிக்கும். குளிர் கூடினால் நுரையே எழும்பாது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அப்படிக் கெட்டுப்போனபோது பக்கத்து வீட்டுக் கிழவி சூனியம் வைத்துவிட்டாள் என்று நீதிமன்றம்வரை போனார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா செய்ததற்கு ஒரு ஏழைப் பெண் கழுத்தைக் கொடுக்கும் நிலை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 'யார் கண் பட்டதோ' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பகுதி மருந்து ஹாப்ஸ். 15ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்த இந்தப் பூவைக் கொதிக்க வைத்தால் வரும் கசப்பு அமிலங்கள், அந்தப் பாக்டீரியாக்களின் சவ்வைக் குலைத்துவிடும். ஈஸ்டை அவ்வளவாகப் பாதிக்காது. ஹாப்ஸ் போட்ட பீர் மாதக்கணக்கில் கெடாது, வண்டியில் ஏற்றி விற்கலாம். பெரிய ஆலைகள் வளர்ந்தன, வீட்டுப் பெண்களின் கொப்பரைகள் ஒவ்வொன்றாக ஆறின.

மறு பகுதி நுண்ணோக்கி. 1871இல் லூயி பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய், அவர்கள் ஈஸ்டில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் ஆலை நுண்ணோக்கி வாங்கிவிட்டது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தார். அதை ஆலை பூட்டி வைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. வேதியியல் வகுப்பில் படிக்கும், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலும் 1909இல் அதே ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியதுதான். நுரையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் காப்பகங்களுக்கு எந்த நாட்டிலும் நிதி தயங்கித் தயங்கித்தான் வருகிறது. ஒரு வகை ஈஸ்ட் ஒருமுறை அழிந்தால், எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

பிரிட்டனின் தேசிய ஈஸ்ட் காப்பகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஆலைகள் தங்கள் ஈஸ்டின் மாதிரியை அங்கே கொடுத்து வைக்கின்றன. தங்களிடம் இருப்பது கெட்டுப்போனால் அங்கிருந்து வாங்கி மறுபடி தொடங்கலாம். அந்தக் காப்பகம் இருப்பது நார்விச்சில், அந்த நுரைக்கு 'காடிஸ்குட்' என்று எழுதி வைத்த அதே ஊரில்.