சட்டையில் தைத்த ஆன்டெனா

மேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அப்பா நெஞ்சுல இதயத் துடிப்பு பார்க்கிற பட்டை ஒட்டியிருக்காங்க. போனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தா மட்டும் இணைப்பு விட்டுவிட்டு வருது. ஏன்?"

காரணம் அப்பாவின் உடம்புதான். இப்படிப்பட்ட பட்டைகள் பெரும்பாலும் ப்ளூடூத்தில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. அந்த அலை ஈரமான தசைக்குள் 2 செ.மீ. போவதற்குள் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். போனை அவர் முகம் இருக்கும் பக்கம் வையுங்கள்.

ஆனால் அலையை விழுங்குவதோடு உடம்பு நிற்பதில்லை, ஆன்டெனாவின் சுருதியையே, அதாவது அது இயங்கும் அலைவெண்ணையே, கலைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுங்கள், கணீரென்று கேட்கும். முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தட்டினால் சுருதி இறங்கும். கையால் இறுகப் பிடித்துத் தட்டினால் ‘டொக்’கென்று அடங்கிவிடும். உடம்பு ஆன்டெனாவுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறது. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு வசப்படும் என்பதைக் காட்ட ஓர் எண் உண்டு: காற்றுக்கு அது 1 என்றால் தசைக்குச் சுமார் 52. அந்தப் புலம் தசைக்குள் எட்டிப்பார்த்தாலே போதும், அலைநீளம் சுருங்கும். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டிய ஆன்டெனா அதற்குக் கீழே எங்கேயோ ஒலிக்க ஆரம்பித்துவிடும்.

சரி, தீர்வு? ஆன்டெனாவைச் சட்டையிலேயே தைத்துவிடுவது. தையற்கடை வேலைதான். ஜீன்ஸ் துணியின் மேல், மின்சாரம் பாயும் துணியில் ஒரு செவ்வகம், அதுதான் ஆன்டெனா. அடியில் அதே வகைத் துணி, இன்னும் பெரிதாக. அடித்துணி உடம்புக்குத் திரைபோல நிற்கும். புலம் இரண்டுக்கும் நடுவே அடங்கி, செவ்வகத்தின் ஓரங்களில் கசிந்து வெளிப்பக்கமாகக் கிளம்பும். செவ்வகத்தின் நீளம் அரை அலைநீளம்: காற்றில் 6.1 செ.மீ., ஜீன்ஸ் துணியின் மேல் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கத்தரி 1 மி.மீ. தவறினால் சுருதி ஏறக்குறைய 50 மெகாஹெர்ட்ஸ் நகரும். ப்ளூடூத்துக்கு இருக்கிற இடமே சுமார் 80 மெகாஹெர்ட்ஸ்தான்! மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜாக்கெட் தைப்பவரின் கைத்துல்லியம் இங்கே வேண்டும்.

துணிக்குப் பதில் நூலாலும் செவ்வகத்தைப் பின்னலாம். நைலான் இழையில் வெள்ளி பூசிய நூல் இதற்கென்றே கிடைக்கிறது. பட்டிழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றும் அசல் ஜரிகையும் கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

அப்புறம், நம் ஊர் வியர்வை. தண்ணீரின் எண் ஏறக்குறைய 80, அதனால் நடுவிலிருக்கும் துணி ஈரமானாலும் சுருதி இறங்கும். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் நடுத்துணிக்கு ஜீன்ஸைவிடப் பாலியஸ்டர் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த துணி) நல்லது என்பேன். கணினியில் ஆன்டெனா வரைந்து பார்ப்பதற்குச் செலவிடும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும்: தைத்த சட்டையைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் நாள் முழுக்கப் போட்டு நடக்கட்டும். மறுநாள் அதைத் துவைத்து, பிழிந்து, கொடியில் காயப்போட்டு, மறுபடி சுருதி பார்க்கட்டும்.