ஓட்டத்தை நிறுத்தியும் பாத வலி போகவில்லையா?

பாத வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில், ஓட்டம், சைக்கிள் இரண்டையும் விடாமல் செய்து வந்தவர்கள் பலர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஓடுறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, சைக்கிள் மட்டும்தான் ஓட்டுறேன். அப்புறமும் ஏன் வலிக்குது?" சைக்கிளில் கால் தரையில் மோதுவதில்லை, அதனால் அது பாதத்துக்கு ஓய்வு என்று நம்பியிருப்பார்கள். சில வலிகளுக்கு அந்த நம்பிக்கை சரி. வேறு சில வலிகளுக்கு சைக்கிளே காரணம். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. சைக்கிளில் அவ்வளவு கிடையாது. ஆனால் நிமிடத்துக்கு 90 சுற்று பெடல் செய்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பாதமும் 5,400 தடவை அழுத்துகிறது, அதுவும் அதே இடத்தில். ஓடுகிறவருக்குச் சுமை பாதம் நெடுக நகர்ந்துகொண்டே இருக்கும். பெடலில் அது நகர வழியில்லை. ஷூவின் அடியில் கிளீட் (சைக்கிள் ஷூவைப் பெடலோடு பூட்டும் சிறு தகடு) பொருத்தியிருக்கும் இடத்துக்கு மேலே, விரல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிற எலும்பு முனைகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் நரம்புகளும் அத்தனை அழுத்தத்தையும் வாங்குகின்றன.

அதனால் எங்கே வலிக்கிறது என்று கேட்ட கையோடு, எப்போது வலிக்கிறது என்றும் கேட்பேன். பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் குதிகாலில் குத்துகின்றன, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறது என்றால் பெரும்பாலும் அது பிளான்டார் ஃபேசியா. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் போகும் தடித்த நார்ப்பட்டை அது. எக்ஸ்ரேயில் "குதிகால் எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்கள் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அந்த முள் போன்ற வளர்ச்சி வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

இந்த வலிக்கு சைக்கிள் பெரும்பாலும் ஒத்துப்போகும், மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதை மட்டும் கொஞ்ச நாள் தவிர்த்தால் போதும். ஆனால் ஓய்வு மட்டும் அந்தப் பட்டையைப் பலப்படுத்தாது. நான் நம்பிக்கையோடு கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்து நிற்கும்படி முன்பாதத்தை வையுங்கள். ஒற்றைக் காலில், மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டலாம். டென்மார்க்கில் இதை வெறும் நீட்சிப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூன்று மாத முடிவில் எடைப் பயிற்சி செய்தவர்கள் தெளிவாகவே முன்னால் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் ஆறும். மூன்றாம் வாரத்திலேயே பயிற்சி பலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்த ரகம், சைக்கிளில் ஏறிச் சிறிது நேரம் கழித்துத் தொடங்கும் வலி. முன்பாதம் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, வண்டியை நிறுத்தி ஷூவைக் கழற்றினால் சில நிமிடங்களில் சரியாகிறது. வெயில் நாளில் பாதம் வீங்குவதால் இன்னும் மோசம். இப்படி வருகிறவரிடம் முதலில் ஷூவைத்தான் வாங்கிப் பார்ப்பேன். கிளீட்டைத் தள்ள முடிந்தவரை முன்னால் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையான இன்சோலை உருவி எடுத்தால் பெருவிரலும் சுண்டுவிரலும் ஓரத்துக்கு வெளியே வழிந்த தடம் அழுத்தமாகப் பதிந்திருக்கும். அந்த ஷூ அந்தப் பாதத்துக்கு அகலம் போதாது, அவ்வளவுதான்.

கிளீட்டைக் குதிகால் பக்கமாக இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகர்த்துங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவில் நகர்த்துங்கள். பின்னுக்கு நகர்த்தினால் சீட்டையும் ஒரு துளி இறக்க வேண்டியிருக்கலாம். முன்பட்டையைத் தளர்த்துங்கள், மெல்லிய சாக்ஸ் போடுங்கள். இவ்வளவிலேயே பலருக்குச் சரியாகிவிடும். இதெல்லாம் செய்தும், மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே கூழாங்கல் மாட்டியது போல உறுத்திக்கொண்டே இருந்தால், அந்த நரம்பு தடித்திருக்கலாம். மார்ட்டன் நியூரோமா என்பார்கள். இந்த நிலையில் ஓட்டத்தை விட்டுவிட்டு சைக்கிளை இரட்டிப்பாக்குவது நரம்பை இன்னும் நசுக்கும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தரும் வலி. ஓட ஓட அதிகமாகும், நின்ற பிறகும் போகாது, நாள்பட நடக்கும்போதே வலிக்கும். விரல் நுனியால் எலும்பை வருடிக்கொண்டே போனால், ஒரே ஒரு புள்ளியில் தொட்டதும் காலை இழுத்துக்கொள்வார்கள். இது எலும்பில் விழும் மெல்லிய விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். பாதத்தின் நடு நீள எலும்புகளில், அதிலும் இரண்டாவது, மூன்றாவதில் அதிகம் வரும். 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதத்தில் இந்தத் தொல்லையைப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் அதிகம் மாட்டுகிறவர்கள், பல வருடம் சைக்கிள் ஓட்டிவிட்டுப் புதிதாக ஓட வருகிறவர்கள். சைக்கிள் அவர்களுடைய இதயத்தையும் நுரையீரலையும் நன்றாகத் தயார் செய்திருக்கும். முதல் வாரமே பத்து கிலோமீட்டர் ஓடுவார்கள், மூச்சு வாங்காது. ஆனால் தரையில் மோதும் வேலையைப் பாத எலும்பு அதுவரை பழகவே இல்லை. எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும், மூச்சோ சில வாரங்களில் பழகிவிடும். அதனால் மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ தேவைப்படும். கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேல்பகுதியில் ஆழமாக வலித்தாலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியில் வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, விரிசல் சுலபத்தில் ஆறாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருந்தால், ஆணோ பெண்ணோ எடை குறைக்கச் சாப்பாட்டைச் சுருக்கியிருந்தால், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது எலும்புதான் முதலில் அடி வாங்கும் இடங்களில் ஒன்று.

சரி, அப்படியானால் எவ்வளவு செய்யலாம்? எலும்பு விரிசல் என்று சந்தேகம் இருந்தால் வலியோடு ஓடவே கூடாது. ஃபேசியா போன்ற வலிகளில், பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் முதல் அடி முன்பைவிட அதிகமாகக் குத்தினால் நேற்றைய அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஓட்டக் கணக்கு ஒரு செயலியிலும் சைக்கிள் கணக்கு இன்னொன்றிலும் இருப்பதால் பலருக்கு மொத்தச் சுமை தெரிவதே இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டாதீர்கள். புது ஷூவையும் புதுத் தூரத்தையும் சேர்த்துத் தொடங்காதீர்கள்.

வலி குறையட்டும் என்று குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி கேட்கிறவர்களும் உண்டு. சில வாரம் நிம்மதி தரும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் ஃபேசியா கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு இருக்கிறது. அந்த முடிவை மருத்துவரோடு பேசி எடுங்கள், போட்டியை மனதில் வைத்து எடுக்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு பாதமும் மரத்திருந்தால், சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் புண் வந்தால், வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால், கிளீட்டையும் ஷூவையும் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி என்னைப் போன்ற ஒருவரிடம் வரும்போது ஓடும் ஷூ, சைக்கிள் ஷூ இரண்டையும் இன்சோலோடு கொண்டுவாருங்கள், கழுவாமல். கடைசி ஆறு வாரம் எவ்வளவு ஓடினீர்கள், எவ்வளவு ஓட்டினீர்கள், வலி எந்த நேரத்தில் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.